முப்பது கிலோ வானம்

காரைக்குடி ஷோரூமில் ஏசி பதினெட்டில் ஓடியது.
என் காதில் அது லிட்டர் லிட்டராக விழுந்தது.

விற்கிற பையன் இருதயராஜ்.
"டாப் மாடல் பாருங்க மேடம்" என்று
பொத்தானைத் தொட்டான்.
கூரை நகர்ந்தது.
மேலே, குழல்விளக்கு.
நாச்சியப்பன் அண்ணாந்தவர்
அண்ணாந்தபடியே நின்றார்.

"இது எவ்வளவு எடை?"

அவனை யாரும் எடை கேட்டதில்லை போல.
உள்ளே போய் விசாரித்து வந்தான்:
கண்ணாடி, மோட்டார் எல்லாம் சேர்த்து முப்பது கிலோ.

எங்கள் உமையாள் இருபத்தேழு.
அவளாவது ஞாயிற்றுக்கிழமைதான் ஏறுவாள்.

விடியுமுன் தேவகோட்டை,
பிறகு புதுவயல், பள்ளத்தூர், கானாடுகாத்தான்.
வெறும் வயிற்றோடு கை நீட்டுகிறவர்களிடம்
ரத்தம் வாங்கி ஐஸ் பெட்டியில் அடுக்கி
ஒன்பதரைக்குள் லேபில் சேர்க்க வேண்டும்.
தினம் எண்பத்தாறு கிலோமீட்டர்.
ஊசிக்கு முகம் திருப்புகிறவர்கள்
வாசலில் நிற்கும் காரின்
சக்கரத்தையா பார்க்கப் போகிறார்கள்?

அகலச் சக்கரம் ரோட்டைக் கெட்டியாகப் பிடிக்குமாம்.
பிடிக்கட்டும்.
விடுவதற்கு பெட்ரோல் கேட்குமே.

"லிட்டருக்கு இருபத்திரண்டு மேடம்."
எந்த ரோட்டில் தம்பி,
செக்காலை ரோட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கா?

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம்.
கோட்டையூர்ப் பக்கம் ரயில்வே கேட்.
நின்றதும் எஞ்சின் தானாக அணைந்தது.
"போச்சா?" என்றார் இவர்.
"இல்ல சார், நின்னா குடிக்காது."
பின்னங்கழுத்தில் வேர்வை ஊறும்வரை
மூன்று பேரும் சும்மா இருந்தோம்.
கருவேலங்காட்டில் ஒரு மயில் கத்தியது.
எனக்கு இது பிடித்துவிட்டது.

கூரை திறக்காத நடு மாடல்,
கையால் மாற்றும் கியர்.
முன்பணம் கட்டினேன்.
"நாம குடியிருக்கிற வளவுல
நடுவுல வானம் திறந்துதானே கிடக்கு,
மழைக்கு அண்டா வேற வைக்கிறோம்,
இன்னொரு ஓட்டை எதுக்கு?" என்றேன்.
இருதயராஜ் சிரித்தான்.
இவர் ரசீதை நாலாக மடித்தார்.

ராத்திரி முற்றத்தில் பாய் போட்டு
மல்லாந்து கிடக்கிறார்,
பேச்சில்லை.

நான் உள்ளே கால்குலேட்டரோடு.
முப்பது கிலோ, எண்பத்தாறு கிலோமீட்டர், இன்றைய விலை.
இரண்டு முறை போட்டுப் பார்த்தேன்.
நாளைக்கு ஐந்தாறு ரூபாய் வருகிறது.

ஒரு டீக்கும் குறைவு.

விளக்கை அணைத்தேன்.
அவரிடம் சொல்லவில்லை.