விளக்காத விளக்கு

உரால் மலைக்குக் கிழக்கே
வரைபடத்தில் பெயரில்லாத ஓர் ஊர்.
மூன்றாம் எண் கட்டடத்தில்
எனக்கு மொழிபெயர்ப்பு வேலை.
வேலை என்பதே மிகை.
அங்கே பேசுவது ஓர் எந்திரம்.
அதற்குத் தெரிந்தது இரண்டே சொல்:
பச்சை. சிவப்பு.

பிரித்த குண்டின் உள்ளீடு
இந்தக் கலத்தில் இருக்கிறது என்பார்கள் எங்கள் ஆட்கள்.
இருக்கிறதா என்று பார்க்கக்
கடல் தாண்டி வந்தவர்கள் நால்வர்.
மூடியைத் திறக்கக் கூடாது.
எடை கேட்கக் கூடாது, உருவம் கேட்கக் கூடாது.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதெல்லாம்
மூடி திறக்கிற சமையலறைக்கு.

ஆகவே எந்திரம்.
இரண்டு செய்தார்கள், நாணயம் சுண்டினார்கள்.
பூ விழுந்ததை அவர்கள் எடுத்துப் போய்த்
திருகாணி திருகாணியாகச் சந்தேகப்பட்டார்கள்.
தலை விழுந்தது இங்கே நிற்கிறது,
இரு நாட்டு முத்திரையும் நெற்றியில்.

முட்டைத் தட்டு சுமப்பவனின் நிதானத்தில்
ரோபோ கை கலத்தைத் தூக்கி வைக்கும்.
மேடை சுழலும்.
திரவ நைட்ரஜனில் விறைத்த ஜெர்மானியம்
காமாக் கதிர்களை ஒவ்வொன்றாக எண்ணும்;
நியூட்ரான்களுக்கு வேறு காது.
இருபத்திரண்டு நிமிடம்.
எல்லாம் தெரிந்துகொண்டு
எல்லாவற்றையும் அழித்துவிட்டு
ஒரு விளக்கைப் போடும்.
விளக்குதான்; விளக்காது.

நேற்று வரை நூற்றுப் பதினாறு பச்சை.
இன்று காலை சிவப்பு.
மறுபடி வைத்தார்கள். சிவப்பு.
வேறு கலம். அதுவும்.

வெண்டெல் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.
எங்கள் தலைமைப் பொறியாளர் ஃபைரூஸா
தன் நகங்களையே பார்த்திருந்தாள்.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறீர்கள்
என்று யாரும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் எனக்காவது வேலை இருந்திருக்கும்.

இரண்டு தலைநகரங்களுக்குத் தொலைபேசி போனது.
தேநீர் ஆறியது.
ஜன்னல் இல்லாத அறை;
பனி பெய்கிறதா என்பதைக்கூட
வெளியே போய் வந்தவர்களின் தோளில்தான் படிக்க வேண்டும்.

நான்காம் மணி நேரத்தில்
கதவோரம் நின்ற காவல்காரி அக்லாயா
துப்பாக்கியைத் தோள் மாற்றினாள்.
"என்னால் இருக்குமோ?" என்றாள்.

தைராய்டு. ஒரு கட்டி.
ஐந்து நாளுக்கு முன் மருத்துவமனையில்
ஈயப் பெட்டியிலிருந்து இடுக்கியால் எடுத்து
ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அயோடின்.
குழந்தைகளிடமிருந்து தள்ளி இரு என்றார்கள்.
குண்டுகளிடமிருந்து என்று சொல்லவில்லை.
விடுப்புக் கேட்டால் வேலை போகும்.
காவலர் வாசலில் உலோகம்தான் பார்ப்பார்கள்,
கதிர் பார்ப்பதில்லை.

அறை முழுக்க என்னைப் பார்த்தது.
பத்து வாரத்தில் முதன்முறையாக
மொழிபெயர்க்க ஒரு முழு வாக்கியம்,
அதுவும் அவள் கழுத்துக்குள்ளிருந்து.
ஃபைரூஸா தலையாட்டவுமில்லை, மறுக்கவுமில்லை.
சொல்லட்டுமா என்றேன்.
"உன் வேலை அதுதானே" என்றாள் அக்லாயா.

சொன்னேன்.
கட்டிக்கு ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்த மூன்று சொல்லில்
மிகச் சிறியதை எடுத்தேன்.

முற்றம் தாண்டி, சமையற்கூடத்துக்கு அவளை அனுப்பினார்கள்.
கை மறுபடி கலத்தைத் தூக்கியது.
இருபத்திரண்டு நிமிடம் ஒருவரும் இருமவில்லை.
பச்சை.

பதிவேட்டில் ஒரு கட்டம்: என்ன நடந்தது?
'பின்னணிக் கதிர் மாறியது' என்று எழுதினார் வெண்டெல்.
அடுத்த கட்டம்: எதனால்?
பேனாவை ஒருமுறை உதறினார்.
பிறகு ஒரு கோடு இழுத்தார், ஓரத்திலிருந்து ஓரம் வரை.
கீழே ஃபைரூஸா கையெழுத்திட்டாள்.

மாலைப் பேருந்தில்
அக்லாயாவுக்குப் பக்கத்து இருக்கை காலி.
உட்கார்ந்தேன்.
"தள்ளி உட்கார். நாளைக்கு
உன்னையும் சேர்த்து எண்ணிவிடப் போகிறது."
தள்ளவில்லை.
கொஞ்ச தூரம் போனபின் கேட்டாள்:
"இன்னும் எத்தனை கலம் இருக்கிறது?"
எனக்குத் தெரியும்.
பனி பெய்கிறது என்றேன்.