மூன்றாவது கிளி

சாட்சிக் கூண்டில் கை வைக்கும் இடம்
வழவழவென்று இருக்கிறது,
எத்தனை பேருடைய வியர்வையோ.
பேர்? மாதேஸ்வரி.
தொழில்? டி.டி.பி.
கடை? ராயக்கோட்டை ரோடு,
மருந்துக் கடைக்கும் டயர் கடைக்கும் நடுவில்.

மேஜைமேல் இரண்டு டின்.
இரண்டிலும் மாங்கூழ், இரண்டிலும் கிளி.
ஒன்று பர்கூர் பசவராஜ் கம்பெனி,
மற்றது காவேரிப்பட்டணம் தியாகு கம்பெனி.
பசவராஜின் கிளி பதிவு ஆன கிளி.
கழுத்தோரம் வட்டத்துக்குள் ஓர் எழுத்து,
தாலி மாதிரி.

இந்தக் கிளியை வரைந்தது யார்?
நான்தான்.
அந்தக் கிளியை?
அதுவும் நான்தான்.
பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

என் பில்லையே என்னிடம் நீட்டினார்கள்:
ஸ்டிக்கர் டிசைன் ஒன்று,
எண்ணூற்றைம்பது ரூபாய்.
உரிமையை எழுதிக் கொடுத்தீர்களா?
பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன், சார்.
பென்டிரைவும் திரும்பி வரவில்லை.

தியாகுவின் வக்கீல் எழுந்தார்.
பெங்களூரா மாங்காய்க்கு இன்னொரு பேர் கிளிமூக்கு.
அந்த டின்னில் கிளியைப் போடாமல்
காக்காயையா போடுவது?
கிளி ஊருக்குப் பொது,
அதற்கு யார் வேலி போட முடியும்?

பசவராஜின் வக்கீல் உட்கார்ந்தபடியே சொன்னார்:
கிளி பொதுதான்.
மஞ்சள் வட்டத்துக்குள்
தலையைத் திருப்பித் தன் முதுகைப் பார்க்கிற கிளி
எங்களுடையது.
வாங்குகிறவர் துபாயில் இருக்கிறார்.
அவர் பேரைப் படிப்பதில்லை,
தூரத்தில் பார்த்துக் கை நீட்டுகிறார்.
அது எனக்குப் புரிந்தது.
நானும் சோப்பு அப்படித்தான் வாங்குகிறேன்.

பிறகு பூதக்கண்ணாடி வந்தது.
இடது காலுக்குக் கீழே, கிளையைத் தாண்டி,
மயிரிழையாய் ஒரு கோடு.
இந்த டின்னில் உண்டு.
ஒன்பது வருடம் கழித்து அந்த டின்னிலும் உண்டு.
தப்பைக்கூட விடாமல் நகலெடுத்திருக்கிறார்கள், ஐயா.

பழைய ஃபைலைத் திறந்தீர்களா?
அந்தக் கம்ப்யூட்டர் செத்து
கிலோ கணக்கில் போய்விட்டது.
பார்த்து வரைந்தீர்களா?
பார்க்கவில்லை.
பிறகு கோடு எப்படி வந்தது?
அப்படி ஒரு கோடு போடுவேன் என்பதே
எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.
ஒரு வெள்ளைத் தாள், ஒரு பால்பாயின்ட்.
இங்கேயே ஒரு கிளி போடும்மா.

மின்விசிறி தாளைத் தூக்கத் தூக்க
இடது கையால் அழுத்திக்கொண்டு போட்டேன்.
மூக்கு, கண், திரும்பிய கழுத்து.
காலுக்கு வந்தபோது கை தானாக
ஒரு நூல் தள்ளி நின்றது.
தெரிந்தே நிறுத்தப் பார்த்தேன்.
அதற்குள் கோடு விழுந்துவிட்டது.

தாளை வாங்கி முத்திரை குத்தி
எண் போட்டு ஃபைலில் கட்டினார்கள்.
அந்தக் கிளிக்கு மட்டும் பில் இல்லை.

என் கையே எனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறதா,
எனக்காகவா?
இரண்டு வக்கீலும் அது தங்களுக்காக என்றார்கள்.
ஆவணி பதினெட்டுக்கு வாய்தா.

ஒன்று யாரும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
பசவராஜின் டின்னைக் கையில் வைத்துக்கொண்டு
அன்றைக்குத் தியாகு சொன்னது:
அதே மாதிரி வேண்டாம் மேடம்,
அது மாதிரி வேண்டும்.
நான் தலையாட்டினேன்.
மாங்காய் சீசன், கடை வாடகை இரண்டு மாதம் பாக்கி.

சாயந்திரம் கடை திறந்து
அந்தக் கோடு இல்லாமல் ஒரு கிளி வரைந்தேன்.
எவ்வளவு சரி செய்தும்
கிளையில் நிற்காமல் சறுக்கியது.

பம்ப்செட் ஸ்டிக்கருக்கு வந்தவர்
செல்போனில் ஒரு சிங்கத்தைக் காட்டினார்.
இது மாதிரி, என்றார்.
எது மாதிரி என்று
முதல் தடவையாகக் கேட்டேன்.