ஆயிரத்து நானூற்று முப்பத்தெட்டு

வெல்ட் கீ கிடங்கின் மேல்மாடியில் நான்.
பட்டர்வொர்த் ஆபீசில் மங்களேஸ்வரி அக்கா.
நடுவில் கடல், மூன்று கிலோமீட்டர் சொச்சம்.
கடலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று
முதலாளி ஊய்க்கு இருமுறை சொல்லியாயிற்று.
ஃபெர்ரி குறுக்கே போகிறபோதுதான்
லைன் விழுகிறதாம், அவர் பார்த்தாராம்.

ரவுட்டரில் பச்சை விளக்கு.
டனல் எழுந்து நிற்கிறது.
பிங் அடித்தால்
போனது ஐந்து, வந்தது ஐந்து,
ஒவ்வொன்றும் நாலே மில்லிசெகண்ட்.
எப்போது கேட்டாலும்
"நல்லாத்தான் இருக்கோம்" என்கிற வீடு மாதிரி.

வழிப்பட்டியலை மேலிருந்து கீழ் வாசித்தேன்,
கீழிருந்து மேல் வாசித்தேன்.
மாஸ்க் சரி. கேட்வே சரி.
கேபிளை மாற்றினேன்,
மாற்றிய கேபிளையும் மாற்றினேன்.
சாமி கும்பிடாத குறையாக
எல்லாவற்றையும் ஒருமுறை
அணைத்து ஏற்றினேன்.

அக்கரையின் திரையை அக்கா எனக்குப் போனில் வாசிக்கிறார்,
எழுத்தெழுத்தாக.
ஹைபன் வந்தால் சின்னக் கோடு.
ஸ்லாஷ் வந்தால் சாய்ஞ்ச கோடு.
ஒரு புள்ளியைக்கூட விடவில்லை.
கஸ்டம்ஸ் பாரம் அனுப்புவது அவர் வேலை.
ஒரு வாரமாகப் பாரம் போகவில்லை.
ஒரு வாரமாக, அவருக்குத்தான் அனுப்பத் தெரியவில்லை.

காலை எட்டுக்குள் நாற்பத்திரண்டு கொள்கலன்.

இரவு பதினொன்றே கால்.
தப்பாவ் வாங்கி வைத்த மீ கோரெங்
பொட்டலத்துக்குள் ஆறிப்போய்
எண்ணெய் உறைகிறது.
அப்போது அக்கா சொன்னார்,
என்னிடம் என்றில்லை, பொதுவாக:
"ஒரு பக்கத்துப் பாரம்னா உடனே போயிடுது.
நாலு பக்கம் இருந்தாத்தான்
பாதியில நின்னுக்குது.
சாயங்காலமே சொன்னேன்ல, தம்பி."

சாயங்காலமே சொன்னார்.
ஆறு இருபதுக்கு.
"அப்படியெல்லாம் இருக்காதுக்கா" என்றேன்.
என் நோட்டில் அந்த வரி இல்லை.
அது இருக்கவேண்டிய இடத்தில்
கேபிளின் நிறம் எழுதியிருக்கிறது:
மஞ்சள்.

பிங்கைக் கொழுக்க வைத்தேன்,
வழியில் உடைக்காதே என்ற குறிப்போடு.
ஆயிரம், போகிறது.
ஆயிரத்து ஐந்நூறு, சத்தமே இல்லை.
நானூறு, போகிறது. நானூற்று ஐம்பது, இல்லை.
சின்ன வாசலில் பீரோவை
இப்படிச் சாய்த்து அப்படிச் சாய்த்துப் பார்ப்பதுபோல
முப்பது, நாற்பது, முப்பத்தைந்து.
ஆயிரத்து நானூற்று முப்பத்தெட்டு, போகிறது.
முப்பத்தொன்பது
போகவில்லை.

வாசல் சிறிதாயிருந்தால் பரவாயில்லை.
"பெரிசா இருக்கு, குறைச்சு அனுப்பு" என்று
வழியிலுள்ள ரவுட்டர் ஒரு சீட்டு
திருப்பி அனுப்பும். அதுதான் வழக்கம்.
அந்தச் சீட்டுகள் எதுவும்
உள்ளே வரக்கூடாது என்று
ஃபயர்வாலில் ஒரு வரி இருந்தது.
தேதி, போன மாதம் ஒன்பது.
காரணம், பாதுகாப்பு.
எழுதியவர் பெயரை
வாசிக்க வேண்டியிருக்கவில்லை.
எழுதியது என் கை.

வரியை எடுத்தேன்.
டனலின் அளவை ஆயிரத்து நானூறுக்கு இறக்கினேன்.
சேமித்தேன். நம்பாமல் இன்னொரு முறை சேமித்தேன்.
"இப்ப அனுப்பிப் பாருங்கக்கா."

போனை வைக்காமலே அனுப்பினார்.
ஒண்ணு. ரெண்டு.
பதினேழில் ஒரு கொட்டாவி.
ஜன்னலுக்கு வெளியே ஒரு ஃபெர்ரி
விளக்குகளை இழுத்துக்கொண்டு கடக்கிறது.
முப்பது. முப்பத்தொண்ணு.
லைன் விழவில்லை.
ஊய் பார்த்திருக்க வேண்டும்.

அறிக்கையில் ஒரு கட்டம் உண்டு:
கோளாறைக் கண்டறிந்தவர்.
வழக்கமாக யோசிக்காமல் நிரப்புவேன்.
"முழுப் பேரு சொல்லுங்கக்கா" என்றேன்.
எதற்கு என்று அவர் கேட்கவில்லை,
இன்று இரவு நான் கேட்ட எதற்குமே
அவர் அப்படிக் கேட்கவில்லை.
நிதானமாக, எழுத்தெழுத்தாகச் சொன்னார்,
நான் குறுக்கே பேசவில்லை:

மங்களேஸ்வரி.
அப்புறம் ஏ,
சாய்ஞ்ச கோடு,
பி.
சன்னாசி.