பாதித் துளை

பத்து நாள் மெஷின் ஓடாது என்றார்கள்.
இத்தாலிக்காரன் ஆர்டரை நிறுத்திவிட்டானாம்.
சம்பளமில்லாத பத்து நாளுக்கு
லீவு என்று பெயர் வைத்து
திருப்பூரில் பஸ் ஏறினோம் மூன்று பேரும்.
விழுப்புரம் தாண்டியதும் மிதுனா கேட்டாள்,
உப்பு வாசனை வருதாப்பா?
எனக்கு டீசல்தான் வந்தது.
வருது கண்ணு என்றேன்.

காலையெல்லாம் அலை.
மணல் சுட ஆரம்பித்ததும் கோகிலவாணி,
இங்க அரண்மனை இருக்குதாமா, போலாங்க என்றாள்.
அரண்மனை வாசலில் சிவப்புத் தொப்பிப் போலீஸ்.
கவர்னர் மாளிகை, உள்ளே விடறதில்லை.
கம்பிக்கு வெளியே நின்று
வெள்ளைத் தூண்களை எண்ணினாள் மிதுனா,
ஒவ்வொரு தடவையும் ஒரு கணக்கு.

பக்கத்துத் தெருவில் மியூசியம்.
பல்லக்கு. ஆள் தள்ளும் வண்டி.
யாரோ ஒரு துரை படுத்த கட்டில்.
மெத்தை உறையின் ஓரம் மெஷின் தையல்,
இன்ச்சுக்குப் பத்து.
நான் யாரிடமும் சொல்லவில்லை.

அதற்கடுத்த அறை அரிக்கமேடு.
கண்ணாடிக்குள் மணிகள்,
சோளம் போல மஞ்சள், கடுகு போலக் கறுப்பு,
ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளை.
இருபத்திரண்டு வருஷமாகப் பொத்தான் தைக்கிறேன்,
துளையைக் கண்டால் நின்றுவிடும் எனக்குக் கால்.
இதெல்லாம் எங்கங்க போச்சு?
நாற்காலியில் இருந்த அம்மாவைக் கேட்டேன்.
புடவையில் குத்திய அட்டையில் அமலோற்பவம்.
ரோமாபுரிக்கு என்றார்.
அது இத்தாலியில்தானுங்க?
ஆமா.
அப்பவே எக்ஸ்போர்ட்.
பேமெண்ட் ஒழுங்கா வந்துச்சாமா?
தங்கமா வந்துச்சாம், என்றவர்
கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்,
எனக்கு இந்த மாசம் இன்னும் வரலை.

ஓரத்தில் தனியாக ஒரு சிவப்புக் கல்.
சூதுபவளம், முற்றுப்பெறாத மணி என்று
கீழே எழுதியிருந்தது.
பாதி வரை போன துளை
அங்கேயே நின்றிருந்தது.
கீறல் இல்லை, விரிசல் இல்லை.
ரிஜெக்ட் பீஸ் எனக்குத் தெரியும்,
மூட்டை மூட்டையாகப் பார்த்தவன்.
இது நல்ல பீஸ்.

சாப்பாட்டு நேரமாயிருக்கலாம்.
பிள்ளைக்குக் காய்ச்சல் என்று
யாராவது ஓடிவந்திருக்கலாம்.
இல்லை, மேஸ்திரி வந்து
கப்பல் வரலை, எல்லாரும் எந்திரிங்க
என்றிருக்கலாம்.
எழுந்தவன் அதைக் கட்டைவிரலால்
ஒரு தடவை உருட்டிப் பார்த்திருப்பான்.
வந்து முடிச்சுக்கலாம் என்று
எங்கே வைத்தானோ
அங்கேயே இருந்திருக்கிறது
மண் மூடி.

எத்தனை நேரமுங்க ஒரே பெட்டியை?
வாசலில் இருந்து கோகிலவாணி.
மிதுனாவின் பாவாடையிலிருந்து கொட்டிய மணலை
அட்டையில் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார் அமலோற்பவம்.
ஞாயித்துக்கிழமைன்னா ஒரு படி சேரும், என்றார்.
எங்கங்க கொட்டுவீங்க?
கடலோரம்தான். வீடு அந்தப் பக்கம்.

சாயங்காலம் கடற்கரைச் சாலை.
வண்டிகளை நிறுத்திவிட்டார்கள்,
தெரு முழுக்க நடக்கிறார்கள் ஜனங்கள்.
மிதுனாவின் சட்டையில் மேல் பொத்தான் இல்லை,
காலையில் அலை கொண்டுபோனது.
பர்சில் எப்போதும் ஊசி இருக்கும்,
பழைய பஸ் டிக்கெட்டில் சுற்றிய வெள்ளை நூலும்.
என் சட்டையின் உள்ஓரத்தில்
உபரியாகத் தைத்திருந்ததைப் பிரித்தெடுத்தேன்.
நாலு துளைப் பொத்தான்.
காற்றில் நூல் நிற்கவில்லை.
நுனியை நாக்கில் நனைத்தேன், உப்பு.

இரண்டு துளை முடிந்தபோது போன் அடித்தது.
கோகிலவாணி எடுத்துப் பார்த்து
முகம் மாறி நீட்டினாள்.
சூப்பர்வைசருங்க.
போகச் சொல்கிறானோ, வரவே வேண்டாம் என்கிறானோ.
விளக்குக் கம்பத்துக்குக் கீழே
இன்னும் இரண்டு துளை
திறந்து கிடந்தது.

அடிக்கட்டும் என்றேன்.
மிதுனா, அசையாம நில்லு.