1600-க்கு மேல்

மணக்கடவில் தண்ணீரை அளக்கிறார்கள்.
ஒரு கரையில் தமிழ்நாட்டு அளவுகோல்,
மறு கரையில் கேரளத்து நோட்டுப்புத்தகம்.
இறங்கிய கன அடியில்
ஒரு விரற்கடை வித்தியாசம் வந்தாலும்
சென்னைக்கும் திருவனந்தபுரத்துக்கும் ஃபோன் பறக்கும்.

அதே தண்ணீரில்
நூறு மில்லி போதும் எனக்கு.

மூலத்தறைக்குக் கீழே, காலை ஆறேகால்.
முழங்காலளவு இறங்கி
குப்பியின் வாயை ஓட்டத்துக்கு எதிராய்த் திருப்பி
மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.
அப்படிச் செய்யச் சொல்லி எந்தக் கையேட்டிலும் இல்லை.
என் எச்சில் துளி கணக்கில் சேர்ந்துவிடக் கூடாதே
என்றொரு பயம், அவ்வளவுதான்.

பிறகு ஐஸ் பெட்டி. பஸ்.
வண்டித்தாவளத்தில் ஏறியவள் மூடியைத் தொட்டு
"என்ன மீனு?" என்றாள்.
மீனில்லை, அதைவிடச் சின்னது என்றேன்.
"நெத்திலியா?"

சித்தூர் ஆய்வகத்தில்
பதினைந்து குழாய், ஊதா நிறக் குழம்பு.
ஒவ்வொன்றுக்குள்ளும் தலைகீழாய் ஒரு குட்டிக் குழாய்.
நாற்பத்து நாலரை டிகிரியில் அடைகாக்க வைத்து
வீட்டுக்குப் போய்விடுவேன்.
விடிந்து வந்தால்
ஊதா மஞ்சளாகியிருக்கும்,
குட்டிக் குழாயின் உச்சியில்
ஒரு குமிழி ஏறி நிற்கும்.
யாரோ ஒருவர் குடலின் சூட்டை
இன்னும் மறக்காத உயிர் விட்ட மூச்சு.

ஈ. கோலையை நான் திட்டுவதில்லை.
அனேகமாய் அது யாரையும் ஒன்றும் செய்யாது.
என் வயிற்றிலும் உண்டு, உங்கள் வயிற்றிலும் உண்டு,
அணை திறக்க வரும் மந்திரி வயிற்றிலும் உண்டு.
ஆற்றில் அதைக் கண்டால்
மலம் வந்திருக்கிறது என்று பொருள்.
கூடவே வேறெதுவும் வந்திருக்கலாம்.
தட்டில் வளர்த்தால்
பொன்வண்டின் முதுகாய்ப் பச்சையில் மினுங்கும்.
இத்தனை அழகாய் உடுத்தி
எந்தச் சாட்சியும் கூண்டேறி நான் பார்த்ததில்லை.

போன சித்திரையில்
ஐந்துக்கு ஐந்து, ஐந்துக்கு ஐந்து, ஐந்துக்கு ஐந்து.
அத்தனையும் மஞ்சள்.
அட்டவணை அதற்கு மேல் போகாது.
"1600-க்கு மேல்" என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும்.
எவ்வளவு மேல் என்பது
ஆற்றுக்குத்தான் தெரியும்.

மேலேயிருந்து வருகிறது என்றார்கள் இந்தப் பக்கம்.
உங்கள் தென்னந்தோப்புக் குடிசைகள்தான் என்றார்கள் அந்தப் பக்கம்.
குமிழிக்கு
தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது.

பஞ்சாயத்து குளோரின் கொட்டியது.
அடுத்த வாரம் குழாய்த் தண்ணீரில்
பதினைந்தும் ஊதா. ஒரு குமிழி இல்லை.
லிஜி லட்டு வாங்கி வந்தாள்.
ஆறுச்சாமியின் டேங்கர் மறுபடி ஓடத் தொடங்கியது.

மூன்றாவது வாரம்
ஆறுச்சாமி வந்தார், லாரி இல்லாமல்.
மகளுக்கு வயிறு நிற்கவில்லையாம்,
ஏப்பத்தில் அழுகின முட்டை வாடையாம்.
சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை
நாணயம் மாதிரிப் பொத்தி எடுத்து வைத்தார்.

லென்சுக்கு அடியில்
இரண்டு கண்ணுள்ள முகமொன்று
என்னைத் திரும்பிப் பார்த்தது.
ஜியார்டியா.

அதற்கொரு ஓடு உண்டு.
ஓட்டுக்குள் சுருண்டுகொண்டால்
எங்கள் பஞ்சாயத்துக் குளோரின் அதற்குத் தூறல்.
பதினைந்து குழாயையும் மறுபடி நினைத்துப் பார்த்தேன்.
ஊதா, ஊதா, ஊதா.
சாட்சி செத்துப்போயிருந்தது.
அதைத்தான் சுத்தம் என்று எழுதி
கீழே என் பெயரைப் போட்டிருந்தேன்,
பச்சை மையில்.

படிவத்தில் ஆற்றின் பெயருக்குக் கட்டம் உண்டு,
தேதிக்கு, குமிழிக்கு உண்டு.
ஓட்டுக்குள் இருப்பவனுக்கு இல்லை.
ஓரத்தில் எழுதினேன், இரண்டு மொழியிலும்.
எழுத்து கட்டத்தை மீறிப் போயிற்று.

இன்று நூறு மில்லி போதாது.
அதைத் தேட நாற்பது லிட்டர் வடிகட்ட வேண்டும்.
ஆறேகாலுக்கே ஆறுச்சாமி நின்றிருந்தார்.
மகளுக்கு இப்போது பரவாயில்லையாம், கஞ்சி குடிக்கிறாளாம்.
நிரப்பிய கேனொன்றைத் தோளில் ஏற்றிக்
கரை ஏறும்போது பாதியில் நின்று கேட்டார்:

"வருசமெல்லாம் தண்ணிதான் ஓட்டறேன் மேடம்,
இது மட்டும் என்ன இத்தன கனம்?"