நாலு புள்ளி ஒன்று

திங்கட்கிழமைகளில் மழையைப் போத்தலில் எடுத்துக்கொண்டு
படியிறங்குவது என் வேலை.
இருபத்திரண்டாம் மாடிக்கும் மேலே, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்
ஒரு புனல், ஒரு வலை, ஒரு வெள்ளைப் போத்தல்.
வெயிலில் மூடி தானாகச் சாத்திக்கொள்ளும்.
முதல் துளி பட்டதும் திறக்கும்.
'உன்னை மாதிரியே' என்பார் மதியழகன்.

இந்த வாரம்: மைனா இறகு ஒன்று,
நூற்றுப் பன்னிரண்டு மில்லிலிட்டர்,
நாலு புள்ளி ஒன்று.

முதலில் கருவியைத்தான் சந்தேகித்தேன்.
நாலுக்கும் ஏழுக்கும் வைத்திருக்கும் கரைசல்களில்
மின்முனையை முக்கி, கழுவி, ஒற்றியெடுத்து
மறுபடியும் கேட்டேன்.
மறுபடியும் நாலு புள்ளி ஒன்று.
அடித்தாலும் மாற்றிச் சொல்லாத பிள்ளை.

அப்பழுக்கில்லாத மழை என்று ஒன்று கிடையாது.
யாருமே எதையும் எரிக்காத தீவிலும்
காற்றின் கரியமிலத்தைக் கொஞ்சம் குடித்துவிட்டுத்தான் இறங்கும்,
ஐந்து புள்ளி ஆறில்.
அங்கிருந்து இங்கே ஒன்றரைப் படி.
ஒன்றரைதானே, என்றார்கள் கூட்டத்தில்.
இந்தப் படிக்கட்டில்
ஒரு படி இறங்கினால் பத்து மடங்கு.
ஒன்றரை இறங்கினால் முப்பதுக்கும் மேல்.
எங்கள் வீட்டுச் சண்டைகளுக்கும் இதே கணக்குதான்.

மதியழகனுக்கு ஜூரோங் தீவில் வேலை.
எண்ணெயிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கும் பிரிவில், இரவு ஷிஃப்ட்.
அழுகிய முட்டை வாடையைப் பிடித்து
மஞ்சள் மணிகளாக்கிக் குவிக்கிறார்கள்.
'நீ அளக்கிறது எங்க கையிலிருந்து தப்பினது' என்கிறார்
சோற்றில் ரசம் ஊற்றியபடி.
அந்த ரசம் இதைவிடப் புளிப்பு. அளந்திருக்கிறேன்:
மூன்று புள்ளி எட்டு.
நாக்குக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

தப்பியது யாரிடமிருந்து என்று எனக்கும் தெரியாது.
பாசிர் பாஞ்சாங்குக்கு அப்பால் வரிசை கட்டி நிற்கும் கப்பல்களா,
விரைவுச்சாலையா,
சுமத்ராவில் புகையும் சதுப்புக் காடா,
நேற்றிரவு வானத்தைக் கிழித்த மின்னலா
(அதுவும் நைட்ரஜனைக் கொளுத்தி அமிலத்துக்கு வழி செய்கிறது).
மேகத்துக்குள் போய்விட்டால் எல்லாரும் ஒரே கூட்டம்.
ஒரு துளிக்குள் கந்தகம் ஆக்சிஜனைக் கூட்டிக்கொண்டு
தண்ணீரோடு குடித்தனம் தொடங்கிவிட்டால்
எந்தப் புகைபோக்கியின் பிள்ளை என்று கேட்க முடியாது.
குடிநுழைவுச் சோதனை இல்லாமல்
எல்லார் தலையிலும் இறங்கும்.

நான் நினைப்பது நாக்கை அல்ல.
புக்கிட் பாத்தோக் பக்கம், மரங்களுக்கு உள்ளே,
ஒரே தாவலில் தாண்டிவிடக்கூடிய ஓடையில்
ஒரு நண்டு இருக்கிறது.
ஐம்பது காசு அகலம்.
இந்தத் தீவைத் தவிர உலகில் எங்கும் அதற்கு ஊர் கிடையாது.
வீடு மாற விண்ணப்பம் போடவும் தெரியாது.

வளரும்போது ஓட்டைக் கழற்றி எறிந்துவிட்டு
மெத்தென்ற உடம்போடு கல்லுக்கடியில் காத்திருக்கும்,
சுண்ணாம்பு வந்து சேர்ந்து இறுகட்டும் என்று.
ஓடை புளித்துவிட்டால்
உடுத்துவதைவிட உரிவது வேகம்.
மண்ணில் பூட்டிக் கிடந்த அலுமினியம் வேறு
அவிழ்ந்து வந்து செவுளில் படியும்.
அதன் நாக்குக்கு இது பொருட்டா என்று
யாரும் அளக்கவில்லை.

பதிவேட்டில் எண்ணை எழுதினேன்.
குறிப்பு என்ற கட்டத்தில் 'நண்டு' என்று எழுதி, அடித்தேன்.
'கருவி சரிபார்க்கப்பட்டது. இறகு அகற்றப்பட்டது.'

வீட்டுக்குள் நுழையும்போதே மேற்கு கறுத்திருந்தது.
வேலைக்குக் கிளம்பிய பேருந்திலிருந்து அவர் செய்தி:
மழை வரப்போவுது, துணி எடுத்தியா?
மூங்கில் கழியை உள்ளே இழுத்தேன்.
எத்தனை துவைத்தாலும் தீக்குச்சி மணக்கும் அந்த நீலச் சட்டை,
அதன் தோளில்
அதற்குள் ஒரு துளி.

எங்கோ மேலே
மூடி திறந்திருக்கும் இந்நேரம்.