காற்று எந்தப் பக்கம்

கயானி ஆஸ்பத்திரியில் நாலாம் மாடி.
ஜன்னல் திறக்காது; திறக்காதபடிதான் கட்டியிருக்கிறார்கள்.
அப்பா கண்ணை மூடியபடியே கேட்டார்:
"காற்று எந்தப் பக்கம்?"

லிஃப்டில் இறங்கி, கார்களுக்கு நடுவே நின்று
ஆள்காட்டி விரலை எச்சில் தொட்டு உயர்த்தினேன்.
நாற்பத்தாறு வயது. இதே ஊரில் பல் டாக்டர்.
தெரிந்த நர்ஸ் ஒருத்தி சிகரெட்டோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.
மேலே வந்து சொன்னேன்: "வடமேற்கு."
"அப்படியானால் ஏழு உதவாது," என்றார் தைஸ்தோ கார்ப்பினன்,
"ஆட்களை மூன்றில் நிறுத்தச் சொல்."

ஏழு என்பது ஒரு மரக்கட்டை.
சதுப்பின் ஓரம், இடி விழுந்த பைனின் மிச்சம்.
முப்பத்தோரு அக்டோபர் அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.
மடியில் துப்பாக்கி, காலடியில் ஃபிளாஸ்க்,
பல்லிடுக்கில் சர்க்கரைக் கட்டி. காப்பியை
அதன் வழியாகத்தான் உறிஞ்சுவார்.
(அந்தக் கடைவாய்ப் பற்கள் மூன்றைப் பிறகு நான்தான் பிடுங்கினேன்.
நாலாவதைத் தர மறுத்துவிட்டார்.)

மூஸ் மான் வந்த நாட்களைப் பற்றி அதிகம் பேசமாட்டார்.
வராத நாட்களைச் சொல்வார்:
சதுப்பு நீரில் முதல் பனிக்கட்டி விரிசல் விடும் ஓசை.
ஒரு நரி அவர் பூட்ஸை மோந்துவிட்டுத்
தன் வேலையைப் பார்க்கப் போனது.
கொக்குகள் தெற்கே கடந்த பின்னும்
அந்தச் சத்தம் காதைவிட்டுப் போக எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது.
அம்மா கேட்பாள்: "இதற்கா ஒரு முழு நாள்?"
"இதற்குத்தான்."

பதினொரு வயதில் ஒருமுறை கத்தியிருக்கிறேன்,
ரத்தம் காய்ந்த சட்டையோடு வந்தால்
கட்டிக்கொள்ள மாட்டேன் என்று.
அவர் பதில் சொல்லவில்லை.
அதன்பின் வேட்டை நாட்களில் நேரே சவுனாவுக்குப் போய்
முழங்கை வரை தார்ச்சோப்பு போட்டு
நகக்கண்ணைக் குச்சியால் சுரண்டிக் கழுவி
சொந்த வீட்டுக் கதவைத் தட்டுவார்.
யாரது என்று நான் கேட்க வேண்டும்.
"சுத்தமான ஆள்," என்பார்.

செவ்வாய் இறந்தார். சனி வேட்டை.
நிறுத்த வேண்டாம் என்றவள் நான்தான்.
இருட்டு விலகுமுன் வாக்கிடாக்கியில்
எயினோ நிலைகளை வாசித்தார்.
ஒன்று. "இருக்கேன்." இரண்டு. "இருக்கேன்."
மூன்றில் இரண்டு குரல்கள்.
ஆறு வரை வந்தார்.
அப்புறம் வெறும் கரகரப்பு.
எட்டுக்குத் தாவ அந்த மனுஷனுக்கு நாக்கு எழவில்லை.
பொத்தானை அழுத்தினேன்.
"ஏழு. இருக்கேன்.
காற்று வடமேற்கு."

என்னிடம் துப்பாக்கி இல்லை; சுடவும் தெரியாது.
காற்று என் வாசனையை வாரிச்
சதுப்பு முழுக்க இறைத்துக்கொண்டிருந்தது.
அந்தப் பக்கம் எந்த மிருகமும் தலைகாட்டாது.
தெரிந்தேதான் உட்கார்ந்தேன்.

மதியம் ஒரு பறவை, சாம்பல் உடம்பு, துருநிற வால்,
கிளை கிளையாய் இறங்கி வந்து
முழங்காலில் வைத்திருந்த சாஸேஜைக் கொத்திப் போயிற்று.
செத்த வேட்டைக்காரன் அப்படித்தான் வருவானாம்,
இங்கே பலரும் சொல்வதுதான்.
நான் நம்பவில்லை. அது பறவை. அதற்குப் பசி.
இரண்டாவது துண்டையும் வைத்தேன்.

பிறகு மூன்றின் பக்கமிருந்து
ஒரே ஒரு வெடி.
தொப்பியைக் கழற்றிக்கொண்டேன், யாருக்கு என்று யோசிக்காமல்.

நவம்பரில் பள்ளிக்கூட ஹாலில் விருந்து, பெரிய அண்டாவில் சூப்.
வேட்டை முடிந்து போடும் சாப்பாட்டுக்கும்
பிணத்தை அடக்கிவிட்டுப் போடும் சாப்பாட்டுக்கும்
எங்கள் பழம்பேச்சில் ஒரே சொல்: பெய்யாய்செத்.
சிக்கனம் என்பார் அப்பா, ஒரே செலவில் இரண்டு காரியம்.
அவர் சொன்ன இடத்தில் விழுந்த மிருகத்தை
இரண்டு கிண்ணம் குடித்தேன்.
எயினோ மூன்றாவதும் ஊற்றினார்.

இரவு அவர் வீட்டுக்குப் போனேன்.
சவுனாவில் தார்ச்சோப்பு அப்படியே இருந்தது,
நடுவில் அவர் கட்டைவிரல் தேய்த்த பள்ளத்தோடு.
முழங்கை வரை போட்டுக் கழுவினேன்.
திரும்பி வந்து
திறந்தே கிடந்த கதவைத்
தட்டினேன்.